ஹங்கேரியில் பணத்துக்கு ஏன் ‘லோவே’? ஒரு ரொமானிச் சொல்லின் பூர்வீகம்

புடாபெஸ்டில் படிக்கும் ஒரு தம்பியின் கேள்வி இது: “இங்கே பசங்க பணத்தை ‘லோவே’ன்னு சொல்றாங்க. இங்கிலீஷ் ‘லவ்’வோட ஏதாவது சம்பந்தம் இருக்கா? ஜிப்சிங்க சொல், இந்தியாவுல இருந்து போனதுன்னு ஒருத்தர் சொல்றார். அது உண்மைன்னா நம்ம தமிழுக்கும் அதுக்கும் ஒட்டு உறவு உண்டா?”

லவ்வுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சொல் ரொமானியிலிருந்து, அதாவது ஜிப்சிகள் என்று சொல்லப்படும் ரோமா மக்களின் மொழியிலிருந்து வந்தது, வேர் இந்திய வேர், அந்த நண்பர் சொன்னது சரி. தமிழோடு உறவும் உண்டு, ஆனால் ரத்த உறவு அல்ல. பஞ்சலோகச் சிலை என்கிறோமே, அதில் வரும் ‘லோகம்’ வடமொழியின் ‘லோஹ’. அதே ‘லோஹ’தான் ரொமானி வாயில் உருமாறி புடாபெஸ்ட் பையன்களிடம் ‘லோவே’ ஆகியிருக்கிறது. (பூலோகம், மேலோகம் என்பதில் வரும் லோகம் வேறு. அது உலகம்.)

முதலில் சொல்லின் உருவத்தைப் பார்த்துவிடலாம். ரொமானியில் ‘லொவோ’ என்றால் ஒரு நாணயம். அதன் பன்மை ‘லொவே’: நாணயங்கள், அதாவது பணம். ஓகாரத்தில் முடியும் ஆண்பால் பெயர்கள் பன்மையில் ஏகாரமாவது அந்த மொழியின் சாதாரண வழக்கம். இந்தி கொஞ்சம் தெரிந்தவர்கள் உடனே பிடித்துக்கொள்வார்கள். லட்கா – லட்கே, பைசா – பைஸே என்று அங்கே ஆவதும் இதே கணக்குதான். வெளியார் காதில் விழுந்தது எப்போதும் பன்மை வடிவமே. ஒற்றைக் காசைப் பற்றி யார் பேசப்போகிறார்கள்? அதனால் ஐரோப்பிய மொழிகள் அநேகமாக எல்லாமே ‘லொவே’யைத்தான் எடுத்துக்கொண்டன, ‘லொவோ’வை அல்ல.

“என்கிட்ட காசு இருக்கு” என்பதை ரொமானியில் ‘ஸி மன் லொவே’ என்பார்கள். ‘ஸி’ என்றால் இருக்கிறது, ‘மன்’ என்பது நான் என்பதன் வேற்றுமை வடிவம், ‘லொவே’ காசு. ஆங்கிலத்தைப் போல ‘உடைத்தாயிருத்தல்’ என்று ஒரு வினைச்சொல் வைத்துச் சொல்வதில்லை. நம்மைப் போலவே, இந்தியைப் போலவே, காசு ‘இருக்கிறது’ என்றுதான் சொல்கிறார்கள். இல்லை என்றால் ‘நய் மன் லொவே’. பாட்டிலும் பேச்சிலும் இந்த இரண்டாவது வாக்கியம்தான் அதிகம் கேட்கும். காரணம் சொல்ல வேண்டியதில்லை.

‘லோஹ’ எப்படி ‘லொவோ’ ஆனது? இடையில் இருந்த ஹகரம் தேய்ந்து விழுந்தது. விழுந்ததும் இரண்டு உயிர்கள் முட்டிக்கொண்டன. முட்டும் இடத்தில் ஒரு ‘வ்’ வந்து உட்கார்ந்தது. நன்னூல் படித்தவர்களுக்கு இது புதிதில்லை, வகர உடம்படுமெய். கோ + இல் ‘கோவில்’ ஆவதும் இதுவும் ஒரே காரியம். தமிழ் அதே ‘லோஹ’வை வேறு விதமாகக் கையாண்டது. ஹகரத்தைக் ககரமாக்கி, லகரம் சொல்லுக்கு முதலில் வராது என்பதால் முன்னால் ஓர் உகரத்தைப் போட்டு ‘உலோகம்’ என்று ஆக்கிக்கொண்டது. ஆக உலோகமும் லொவேயும் ஒரே வீட்டுச் சரக்கு. நாம் அதைக் கடன் வாங்கினோம், ரொமானிக்கு அது பிறப்புரிமை.

பொருள் மாறிய கதைதான் எனக்குச் சுவாரஸ்யமானது. பழைய வடமொழியில் ‘லோஹ’ என்பது முதலில் செந்நிறம், அதனால் செம்பு. பிறகு இரும்பு, பொதுவாக எல்லா உலோகமும். ரொமானியில் உலோகம் என்ற பொருள் அடியோடு போய் நாணயம் என்பது மட்டும் மிஞ்சியிருக்கிறது. அப்படியானால் உலோகங்களை எப்படிச் சொல்கிறார்கள்? வெள்ளிக்கு ‘ருப்’. வடமொழி ‘ரூப்ய’, நம் ரூபாயின் தாய். பொன்னுக்கு ‘சும்னகய்’, ‘சுவர்ண’த்தின் வழி வந்தது. இரும்புக்கு ‘சஸ்தெர்’, இது ‘சஸ்திர’, அதாவது ஆயுதம், வெட்டும் கருவி. இந்த மூன்றும் இந்தியச் சொற்கள். ஆனால் செம்புக்கு ‘ஹர்கோம்’ என்கிறார்கள், அது கிரேக்க ‘கல்கோமா’. ஈயத்துக்கு ‘மொலிவி’, அதுவும் கிரேக்கம். வெள்ளீயத்துக்கு ‘அர்ச்சிச்சி’, ஆர்மீனியச் சொல்.

இனி வருவது என் ஊகம். ரோமாக்கள் வரும் வழியில் தங்கிய, கிரேக்கம் பேசிய பைசாந்தியப் பேரரசில் அன்றாடச் சில்லறை செம்புக்காசுதான். செம்பைக் குறித்த பழைய சொல் அங்கே காசுக்கு என்றே ஒதுங்கிப்போக, உலோகத்துக்கு ஊர்க்காரர்களின் கிரேக்கச் சொல் வந்து ஒட்டியிருக்க வேண்டும். இதற்கு அரணாக இன்னொன்று உண்டு. பட்டடைக்கல்லுக்கு ‘அமோனி’, சுத்தியலுக்கு ‘ஸ்விரி’, ஆணிக்கு ‘கர்ஃபின்’, லாடத்துக்கு ‘பெதலோ’ என்று கொல்லுப்பட்டறையின் முக்கியமான சொற்கள் எல்லாமே கிரேக்கம். இந்தியாவிலிருந்து கொல்லர்களாகவே கிளம்பிப் போனார்கள் என்று பலர் எழுதுகிறார்கள். சொற்களைப் பார்த்தால், தொழில் கிரேக்கம் பேசிய நாட்டில்தான் முற்றியது என்று தோன்றுகிறது.

உலோகத்தின் பெயர் பணத்தின் பெயராவது உலகம் முழுக்க நடப்பதுதான். பிரெஞ்சில் வெள்ளிக்கும் பணத்துக்கும் ஒரே சொல். சிங்கப்பூர், மலேசியத் தமிழர்கள் இன்றும் டாலரையும் ரிங்கிட்டையும் ‘பத்து வெள்ளி’, ‘இருபது வெள்ளி’ என்றுதான் எண்ணுகிறார்கள். எதிர்த்திசையிலும் ஒரு வேடிக்கை உண்டு. நாம் ‘துட்டு’ என்கிறோமே, அது டச்சுக்காரர்களின் ‘டௌட்’ என்ற செப்புக்காசு. இந்தியச் செம்பு ஐரோப்பாவுக்குப் போய் அங்கே கொச்சையில் பணமாயிற்று, ஐரோப்பியச் செம்பு இங்கே வந்து நம் கொச்சையில் பணமாயிற்று.

இந்திய மூலம் என்பது எப்படித் தெரிந்தது என்று அடுத்த கேள்வி வரும். ரோமா மக்கள் 1417இல் ஜெர்மானிய நகரங்களிலும் 1427இல் பாரிஸ் வாசலிலும் தென்பட்டபோது, எகிப்திலிருந்து வந்தவர்கள் என்றே ஊர் நம்பியது. ‘ஜிப்சி’ என்ற ஆங்கிலப் பெயரே ‘எகிப்தியன்’ தேய்ந்தது. 1782இல் ஜெர்மனியின் ஹாலே நகரத்து ரூடிகர் என்ற அறிஞர், ரொமானி பேசும் ஒரு பெண்ணிடம் கேட்டு எழுதிய வாக்கியங்களை இந்துஸ்தானியோடு அடுக்கி ஒப்பிட்டு, இது இந்திய மொழி என்று இலக்கணத்தை வைத்தே நிறுவினார். 1926இல் ரால்ஃப் டர்னர் ஒலிமாற்றங்களை ஆராய்ந்து, இதன் அடித்தளம் இந்தியாவின் நடுப்பகுதி மொழிகளோடு ஒத்துப்போகிறது, பிறகு வடமேற்கில் நீண்ட காலம் தங்கியிருக்க வேண்டும் என்று காட்டினார். பாரசீகம், ஆர்மீனியம், கிரேக்கம் என்று கடன்சொற்கள் அடுக்கடுக்காகப் படிந்திருப்பதால் வந்த வழியும் தெரிந்துவிடுகிறது. ‘பக்த்’ (அதிர்ஷ்டம்) பாரசீகம், ‘கிராஸ்த்’ (குதிரை) ஆர்மீனியம், ‘த்ரோம்’ (சாலை) கிரேக்கம். கல்வெட்டோ வரலாற்று நூலோ இல்லாத ஒரு நெடும் பயணத்துக்கு இந்த அகராதிதான் சான்று.

ரூடிகருக்கு முன்பே 1776இல் அச்சான ஒரு கதை தமிழர்களுக்குக் கூடுதலாகப் பிடிக்கும். இஷ்ட்வான் வாயி என்ற ஹங்கேரியப் பாதிரி, நெதர்லாந்தின் லெய்டனில் படித்தபோது மூன்று ‘மலபார்’ மாணவர்களைச் சந்தித்தாராம். அவர்கள் மொழியில் ஆயிரம் சொற்களை எழுதிக்கொண்டு ஊர் திரும்பி, க்யோர் என்ற ஊரில் ரோமாக்களிடம் வாசித்துக் காட்டினாராம், அவர்களுக்கு எல்லாம் புரிந்ததாம். அந்தக் காலத்து டச்சுக்காரர்கள் இலங்கைத் தமிழரையும் ‘மலபார்’ என்றுதான் அழைத்தார்கள். இதை வைத்து ‘ஜிப்சிகளின் மொழி தமிழே’ என்று கிளம்புபவர்கள் உண்டு. தமிழோ மலையாளமோ பேசி ஆயிரம் சொல் வாசித்தால் ரொமானி பேசுபவருக்குப் பத்து புரிவதே கஷ்டம். வடமொழியிலிருந்து இரு பக்கமும் வந்து சேர்ந்த சில சொற்கள் தட்டுப்படலாம், அவ்வளவுதான். மொழியியலாளர்கள் அந்தக் கதையை அப்படியே நம்புவதில்லை, நானும் நம்பவில்லை.

சரி, லொவே எங்கெல்லாம் போனது? ரோமாக்கள் நெருக்கமாக வாழும் பால்கன் பகுதியிலும் மத்திய ஐரோப்பாவிலும்தான் இது ஆழமாக வேரூன்றியது. ஹங்கேரியில் ‘லோவே’, செக்கிலும் ஸ்லோவாக்கிலும் ‘லோவே’, பல்கேரியாவில் ‘லொவே’. ருமேனியர்கள் தங்கள் பன்மை விகுதியை மேலே போட்டு ‘லொவேலே’ ஆக்கினார்கள். பன்மைக்கு மேல் பன்மை! செர்பியாவிலும் குரோஷியாவிலும் ‘லோவா’. அந்த மொழியில் பெண்பால் பெயர்களின் பன்மை ஏகாரத்தில் முடியும், ஆகவே லொவேயைப் பன்மையாகப் பார்த்து அதற்கு ஆகாரத்தில் ஓர் ஒருமையைத் தாங்களே செய்துகொண்டார்கள் என்று கொள்ளலாம். அதோடு நிற்காமல், பணக்காரனுக்கு ‘லொவாதோர்’ என்று ஒரு சொல்லும் பிறந்தது, நம் ஊரில் ‘துட்டுக்காரன்’ என்பது போல. அங்கே இன்று லோவா என்பதைக் குற்றவாளிச் சொல்லாக யாரும் நினைப்பதில்லை, வீட்டுக்குள்ளும் புழங்குகிறது. ரஷ்யாவில் அது ‘லவே’. ரஷ்ய மொழியில் அழுத்தம் விழாத ஒகரம் அகரமாக ஒலிக்கும், அந்த ஒலிப்பே எழுத்திலும் நிலைத்துவிட்டது. சிறையிலும் திருட்டு உலகத்திலும் புழங்கிவந்த அது, சோவியத் உடைந்தபிறகு எல்லார் வாயிலும் வந்தது. எழுத்துச் சுருக்கம் என்றெல்லாம் அங்கே அதற்குக் கதை கட்டுகிறார்கள். அதை நம்ப வேண்டாம். பிரான்சில் புறநகர்ப் பையன்களும் ராப் பாடகர்களும் ‘லொவே’ என்றே சொல்கிறார்கள்.

மேற்கே போகப் போக ரோமாக்களின் வேறு சொற்கள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. ஜெர்மன் கொச்சையில் பணத்துக்கு ‘ட்ஸாஸ்டர்’ என்பார்கள், வங்கியில் வேலை பார்ப்பவரும் தமாஷாகச் சொல்லும் சொல். அது வேறொன்றுமில்லை, மேலே சொன்ன ‘சஸ்தெர்’, இரும்பு. இலங்கைத் தமிழில் அறுவைச் சிகிச்சையை ‘சத்திரசிகிச்சை’ என்கிறார்களே, அதில் வரும் ‘சத்திர’மும் இதே ‘சஸ்திர’தான். யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரிப் பலகையில் உள்ள சொல்லும் பெர்லின்காரர் சம்பளம் வந்த அன்று சொல்லும் சொல்லும் ஒன்றுவிட்ட சகோதரர்கள். இங்கிலாந்தில் ‘வொங்கா’. ரொமானியில் கரிக்கு ‘அங்கர்’, இங்கிலாந்து ரொமானியில் ‘வொங்கர்’. வடமொழி ‘அங்கார’, தீக்கங்கு. செவ்வாய்க்கு அங்காரகன் என்று பெயர் வந்ததும் இதனால்தான். கரி எப்படிப் பணமாகும் என்று கேட்டால், ஜெர்மன் கொச்சையிலும் ‘கோலே’, அதாவது கரி, பணம்தான். இந்த வொங்காவையே பெயராக வைத்து இங்கிலாந்தில் ஒரு குறுங்கடன் நிறுவனம் நடந்தது, 2018இல் நொடித்துப்போனது. ஸ்பெயினில் ‘பர்னே’. வெள்ளை என்று பொருள்படும் ‘பர்னோ’விலிருந்து வந்தது, வெள்ளிக்காசின் நிறத்தால். அதன் மூலம் ‘பாண்டர’, பாரதத்துப் பாண்டுவின் பெயரோடு சேர்ந்த சொல். செம்பு, இரும்பு, கரி, வெள்ளை என்று நாலு திசையில் நாலு இந்தியச் சொற்கள் பணமாகியிருக்கின்றன.

ஏன் இப்படிப் பணத்துக்கே வந்து மொய்க்கின்றன? ரொமானி ஐரோப்பிய மொழிகளுக்குக் கொடுத்த சொற்களை எடுத்துப் பார்த்தால் ஒரு சாயல் தெரியும். நண்பன் (ஆங்கிலத்தில் ‘பால்’, ‘பிரால்’ என்ற சகோதரனிலிருந்து), பெண் (ஸ்வீடனில் ‘ஷேய்’), பையன் (ஸ்பெயினில் ‘சவால்’), காசு, குடி, திருட்டு. எல்லாம் சந்தையிலும் மதுக்கடையிலும் பேசுகிற சொற்கள். இவை போன வழியைத் ‘திருடர் பாஷை’ என்று பழைய அகராதிகள் ஒரே வரியில் முடித்துவிடும். அது பாதி உண்மை, பாதி காழ்ப்பு. குதிரைத் தரகர்கள், சாணை பிடிப்பவர்கள், சர்க்கஸ்காரர்கள், கல்யாணத்துக்கு வாசிக்கும் இசைக்குழுக்கள் என்று ஊர் ஊராகப் போய்ப் பிழைத்தவர்கள் அத்தனை பேரும் தங்களுக்குள் பேச ஒரு மறைபேச்சை வைத்திருந்தார்கள். வாடிக்கையாளர் முன்னால் விலையைப் பற்றிப் பேசும்போது அவருக்குப் புரியக் கூடாது, அதுதான் விஷயம். நம் மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதன் வாய்மொழி வடிவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பணத்தைக் குறிக்கும் சொல்தான் அங்கே முதலில் மறைக்கப்பட வேண்டியது. மறைத்த சொல்லைத்தான் மற்றவன் முதலில் கற்றுக்கொள்வான்.

இதைக் கிட்டத்தில் பார்க்க ஜெர்மனியின் ம்யூன்ஸ்டர் நகரம் நல்ல இடம். அங்கே ‘மாஸெமாட்டே’ என்று ஒரு மறைபேச்சு இருந்தது. வாக்கிய அமைப்பு முழுக்க ஜெர்மன், முக்கியமான சொற்கள் மட்டும் யிடிஷ் (ஐரோப்பிய யூதர்களின் மொழி), ரொமானி. பணத்துக்கு ‘லோவி’. கால்நடை வியாபாரிகள், பழைய சாமான் வாங்குபவர்கள், கொத்தனார்கள் குடியிருந்த ஏழைப் பகுதிகளில் அது புழங்கியது. நாஜிக்கள் யூதர்களையும் சிந்திகளையும் (ஜெர்மனியில் நெடுநாளாக வாழும் ரோமா பிரிவினர்) கொண்டுபோய்க் கொன்றார்கள், போரில் குண்டு விழுந்து அந்தக் குடியிருப்புகளும் அழிந்தன. பேசிய சமூகம் போய்விட்டது. ஒரு கைப்பிடிச் சொற்கள் மட்டும் எஞ்சி, இன்று நகரத்தாரின் ஊர்ப்பெருமையாகக் கடைப் பலகையிலும் திருவிழா விளம்பரத்திலும் வருகின்றன. அவற்றைப் பேசும் மாணவர்களில் பலருக்கு அது யாருடைய வாயிலிருந்து வந்தது என்பது தெரியாது.

கிழக்கில் பரவிய வேகத்துக்கு இன்னொரு காரணம் உண்டு. இன்றைய ருமேனியாவில் சேர்ந்த மோல்டாவியாவிலும் வாலாக்கியாவிலும் ரோமாக்கள் பல நூற்றாண்டுகள் அடிமைகளாக இருந்தார்கள். அது முழுதாக ஒழிந்தது 1855, 1856 ஆண்டுகளில்தான். அந்தக் காலத்தை ஒட்டி அங்கிருந்து பெரும் கூட்டமாகக் கிளம்பி ஹங்கேரி, போலந்து, ரஷ்யா, பிரான்ஸ் என்று போனவர்கள் எல்லாப் பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி ரொமானி பேசினார்கள். மேற்கே நானூறு ஆண்டுகளுக்கு முன்பே வந்து ஒதுங்கிப் போயிருந்த கிளைகளின் மொழி அதற்குள் வெகுவாகத் தேய்ந்திருந்தது. இங்கிலாந்திலும் ஸ்பெயினிலும் ரொமானி இலக்கணம் போய்ச் சொற்கள் மட்டுமே மிஞ்சின.

அந்தக் கூட்டங்களில் ஒன்றுக்கு ‘லொவாரி’ என்று பெயர். இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். லொவாரி என்றால் பணக்காரர்கள், லொவேக்காரர்கள் என்று எழுதிவிடுகிறார்கள். இல்லை. ஹங்கேரிய மொழியில் ‘லோ’ என்றால் குதிரை, அவர்கள் குதிரை வியாபாரிகள். இதேபோல ஆங்கில ‘லாலிபாப்’பும் ரொமானியிலிருந்து வந்தது, ‘லோலி பாபய்’, சிவப்பு ஆப்பிள் என்று ஒரு கதை சுற்றுகிறது. ‘லோலோ’ என்றால் சிவப்பு என்பது உண்மை. ‘லோஹித’த்திலிருந்து வந்தது, லொவேக்கு நெருங்கிய சொந்தம். ஆனால் ஆங்கிலத்திலேயே நாக்குக்கு ‘லாலி’ என்று வட்டார வழக்கு இருக்கும்போது மிட்டாயை ரோமாக்கள் தலையில் கட்ட வேண்டிய அவசியமில்லை.

நம் ஊர்ப் பத்திரிகைகள் செய்யும் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நரிக்குறவர்களும் ஐரோப்பிய ஜிப்சிகளும் ஒரே இனம் என்று எழுதுகிறார்கள். நரிக்குறவர்களின் வாக்ரிபோலி குஜராத்திக்கு நெருக்கமான இந்தோ-ஆரிய மொழி, ரொமானியும் இந்தோ-ஆரியம். ஒற்றுமை அதோடு சரி. ஊர் சுற்றுகிறவர்கள் எல்லாம் உறவினர்கள் என்றால் மார்வாடி வியாபாரியையும் சேர்க்க வேண்டியிருக்கும். ரோமாக்களில் மிகப் பெரும்பாலோர் இன்று ஊர் சுற்றுவதும் இல்லை.

தம்பிக்கு: கூடப் படிக்கிறவர்களிடம் ‘லோவே’ என்று தாராளமாகச் சொல்லலாம். பேராசிரியரிடமும் வங்கியிலும் ‘பேன்ஸ்’ என்று சொல்லுங்கள், அதுதான் பணத்துக்கு உரிய ஹங்கேரியச் சொல். ரோமா நண்பர் கிடைத்தால், சொல் தெரிந்த உற்சாகத்தில் உடனே ரொமானியில் ஆரம்பித்துவிட வேண்டாம். ஹங்கேரியில் உள்ள ரோமாக்களில் பெரும்பாலோருக்குத் தாய்மொழி ஹங்கேரியன்தான், ரொமானி பேசுகிறவர்கள் சிறுபான்மை. ‘சிகான்’ (ஜிப்சி என்பதற்கு ஹங்கேரியச் சொல்) என்ற சொல்லை அவர்களே தங்களைப் பற்றிச் சொல்வதைக் கேட்பீர்கள். வெளியூர்க்காரர் நீங்கள், ‘ரோமா’ என்றே சொல்லுங்கள்.